பதிலுக்கு இடம் விட்ட சொற்கள்

(நல்லேப்பிள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கோயம்புத்தூர்க்காரரிடம் போய், "உங்களுக்குக் குசும்பு ஜாஸ்திங்க" என்று சொன்னால் அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். அதையே வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மலையாளியிடம் சொன்னால் அவர் முகம் சுண்டிவிடும். அங்கே குசும்பு என்றால் சிரித்துக்கொண்டே காலை வாருகிற குறும்பு. மலையாளத்தில் அது அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பொறுக்காத வயிற்றெரிச்சல். நல்லேப்பிள்ளிக்காரர்களுக்கு இரண்டும் தெரியும். எதிரே நிற்பவர் யார் என்று பார்த்துத்தான் அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுப்பார்கள்.

இந்தச் சித்தூர் தாலூகாவுக்கு அந்தப் பழக்கம் நெடுநாளாக உண்டு. கொச்சி அரசுக்குச் சொந்தமான நிலம்; ஆனால் கொச்சியோடு ஒட்டாமல், மலபார் மாவட்டத்துக்கும் கோவை மாவட்டத்துக்கும் நடுவே தனியாகக் கிடந்தது. 1956 நவம்பரில் கேரளம் பிறந்தபோது அதற்குள் வந்தது. கொழிஞ்சாம்பாறை வழியாகக் கிழக்கே போனால் வேலந்தாவளம். சோதனைச் சாவடி தாண்டினால் தமிழ்நாடு. பால் வண்டி போகிற வழியிலேயே சொல்லும் போய் வருகிறது. போகும்போது இருந்த பொருள் வரும்போது இருப்பதில்லை.

குறை சொல்வதற்கும் குற்றம் காண்பதற்கும் நாம் வைத்திருக்கிற சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அகராதியைத் திறந்து வாசிக்கப் போவதில்லை. அந்தச் சொற்களை நெடுநாள் கேட்டும் எழுதியும் வந்ததில் எனக்கு ஒன்று தென்பட்டது. குறைச்சொற்கள் இரண்டு சாதி. ஒன்று, கேட்பவர் பதில் சொல்ல இடம் விடுகிற சொல். மற்றது, அந்த இடத்தை அடைத்துவிடுகிற சொல். கடுமையும் மென்மையும் அதற்குப் பிறகுதான். மிகக் கடுமையான சொல்லும் இடம் விடலாம். மிக மெதுவாகச் சொன்னதும் அடைத்துவிடலாம்.

முதலில் இந்த ஊர்ச் சொற்கள். பெண் வீட்டார் தமிழ், மாப்பிள்ளை வீட்டார் மலையாளம் என்று ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் வந்து சேரவில்லை. மாப்பிள்ளையின் மாமன் ஓடிவந்து, பெண்ணின் பெரியப்பாவிடம், "ஒரு அபத்தம் பற்றிப் போயி" என்றார். மலையாளத்தில் அதற்கு, தவறு நடந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். பெரியப்பா கிணத்துக்கடவுப் பக்கம். "எதுங்க அபத்தம்? நாங்க பேசறதுங்களா?" என்று இலையை விட்டு எழுந்துவிட்டார். தமிழில் அபத்தம் என்பது ஒருவர் பேச்சை மதிப்பில்லாதது என்று ஒதுக்குகிற சொல். ஒருவர் மன்னிப்புக் கேட்க, மற்றவர் காதில் அது வசையாக விழுந்தது. இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு பாட்டி வந்துதான் அவரை மறுபடி உட்கார வைத்தார்.

வழக்கு என்றால் நமக்குக் கோர்ட்டு நினைவு வரும். புலவர்களுக்கு உலக வழக்கும் செய்யுள் வழக்கும் நினைவு வரும். மலையாளத்தில் வழக்கு என்பது சண்டை. 'வழக்கு பறஞ்ஞு' என்றால் திட்டினார். நமக்குப் பிழை என்பது எழுத்திலும் கணக்கிலும் வருவது, திருத்தக்கூடியது. அவர்களுக்குப் பிழ என்பது போலீஸ்காரர் ரசீது கிழித்து வாங்குகிற அபராதம். நம் ஆட்சேபணை எழுந்து நின்று சொல்கிற மாற்றுக் கருத்து. அவர்களுடைய ஆக்ஷேபத்தில் இழிவுபடுத்தலும் கலந்திருக்கிறது. ஆவலாதி மட்டும் விசித்திரமான பயணி. திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் அது முறையீடு, புகார். மலையாளத்திலும் அதேதான். மலையாளத்தை ஒட்டியிருக்கிற கொங்கு நாட்டில் அந்தச் சொல்லை அதிகம் கேட்க முடியாது.

தூஷணம் என்ற சொல்லோ கடல் தாண்டியும் போயிருக்கிறது. ஆறுமுக நாவலர் 1854இல் கிறித்தவப் பாதிரிமார்களுக்கு மறுமொழியாக எழுதிய நூலின் பெயர் 'சைவதூஷண பரிகாரம்'. அங்கே தூஷணம் என்பது சமய நிந்தனை. இன்று அதே யாழ்ப்பாணத்தில் ஒரு பையன் 'தூசணம் கதைச்சான்' என்றால் கெட்ட வார்த்தை பேசினான் என்று பொருள். பாலக்காட்டில் பரதூஷணம் என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் நடப்பது. பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றியது, அவள் இல்லாத நேரத்தில். ஒரே சொல் அச்சகத்தில் நூலாகவும், தெருவில் ஆபாசமாகவும், திண்ணையில் வம்பாகவும் ஆயிற்று. மூன்றில் முதலாவதற்குத்தான் பதில் நூல் எழுத முடியும்.

தமிழில் இந்தச் சொற்கள் எந்த வினையோடு சேர்கின்றன என்று பாருங்கள். குறை சொல்வோம், குறையைத் தீர்க்கவும் செய்வோம். தமிழ்நாட்டுக் கலெக்டர் அலுவலகங்களில் திங்கட்கிழமை நடப்பது குறைதீர்க்கும் கூட்டம். குற்றத்தைச் சாட்டுவோம், சாட்டினால் மெய்ப்பிக்க வேண்டும், எதிரி தன் தரப்பைச் சொல்ல வேண்டும். தவறைச் சுட்டிக்காட்டுவோம். பிழையைப் பொறுப்போம், திருத்துவோம். பழியை மட்டும் போடுவோம், சுமத்துவோம். அது முதுகில் வந்து ஏறுகிற பாரம். ஏறிய பின் பதில் சொல்லி இறக்கிவைக்க முடியாது, இன்னொருவர் தலையில் மாற்றத்தான் முடியும். அவதூறைப் பரப்புவோம். வசையைப் பாடுவோம். நொட்டை சொல்வோம், நொட்டைக்கு யாரும் பதிலே எதிர்பார்ப்பதில்லை. சாம்பாரில் உப்புக் குறைவு என்றால் குறை. உப்புச் சரியாக இருந்தும், "பருப்பு வேறே தினுசா இருக்குதே" என்றால் நொட்டை.

வீட்டுப் பேச்சில் இன்னும் நுட்பம். கொங்குநாட்டில், "அப்பா பேசிப்போட்டாருங்க" என்றால் திட்டினார் என்று பொருள். யாழ்ப்பாணத்திலும் பேசுவது என்றால் ஏசுவதுதான். வெறும் 'பேசு' எப்படித் திட்டாயிற்று? ஒருவர் பேச மற்றவர் பேசாமல் நிற்பதால்தான் என்று நினைக்கிறேன். இருவரும் பேசினால் அதன் பெயர் நாயம். நியாயம்தான் கொங்கு வாயில் நாயமாகி, திண்ணை உரையாடல் ஆகிவிட்டது.

பழந்தமிழ் இந்த வேறுபாட்டைக் கூர்ந்து கவனித்திருக்கிறது. காதலர் இருவரைப் பற்றி ஊர் பேசுவதற்கே இரண்டு சொற்கள்: அம்பல், அலர். இன்னாருக்கும் இன்னாருக்கும் என்று வெளிப்படச் சொல்லாமல் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். பெயர் சொல்லி ஊரறியப் பேசுவது அலர். அம்பலுக்கு மறுமொழி இல்லை, ஏனென்றால் யாரும் எதையும் சொல்லவில்லை. அலருக்கு உண்டு. திருக்குறள் காமத்துப்பாலில் அலரறிவுறுத்தல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் காதலர்கள் அலரைக் கண்டு அஞ்சுவதைவிட, ஊரே தங்கள் காதலை வளர்க்கிறது என்று மகிழ்வதுதான் மிகுதி. அறத்துப்பாலில் புறங்கூறாமை என்று தனி அதிகாரம் வைத்த அதே ஆசிரியர்தான். முதுகுக்குப் பின்னால் சொல்வதை அவர் அங்கே பொறுக்கவில்லை. முகத்துக்கு நேரே இடித்துச் சொல்பவரை அரசன் தேடி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். இடித்தல் என்பது சாதாரணக் கண்டிப்பு இல்லை. உரலில் இடிக்கிற இடி. ஆனாலும் அது எதிரே நின்று சொல்வது.

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். புகழ்வது போலவோ வேறெதையோ சொல்வது போலவோ பழியை ஒளித்துவைப்பது பழிகரப்பு அங்கதம். அந்த வரிசையின் கடைசியில் வைக்கத் தக்கது, பிற்காலத்தார் அஞ்சிய அறம்பாடுதல். பாடப்பட்டவன் அழிந்துபோவான் என்று நம்பினார்கள். திருமலைராயன்பட்டினத்தில் மண்மாரி பெய்யக் காளமேகம் பாடினார் என்று கதை. மண்மாரிக்கு யார் பதில் பாடுவது?

இந்தப் பக்கத்துக் கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். கோயில் கூத்தம்பலத்தில் சாக்கியார் கூத்து நடக்கும்போது, மேடையில் நிற்கிற சாக்கியார் கூட்டத்தில் இருக்கும் யாரையும் கேலி செய்யலாம், அரசனே ஆனாலும் சரி. கேலிக்கு ஆளானவர் வாய் திறக்கக் கூடாது என்பது முறை. பாலக்காடு மாவட்டத்துக் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த குஞ்சன் நம்பியார் மிழாவு என்ற முழவு வாசித்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் கண்ணயர்ந்துவிட்டார். சாக்கியார் அவரைக் கூட்டத்தின் முன் வறுத்தெடுத்தார். நம்பியாரால் அங்கே பதில் சொல்ல முடியாது. மறுநாள் அதே கோயிலில், தானே எழுதிய பாட்டும் தானே அமைத்த ஆட்டமுமாக வேறொரு மேடை போட்டார்; கூட்டம் அங்கே திரும்பிவிட்டது. அப்படிப் பிறந்தது துள்ளல் என்பார்கள். கதை நடந்தபடியே நடந்ததா என்று கேட்காதீர்கள். கேரளம் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தன் மிகப் பெரிய அங்கதக் கவிஞரைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத் தேர்ந்தெடுத்த கதை, பதில் சொல்ல இடம் கிடைக்காத ஒருவர் அந்த இடத்தைத் தாமே கட்டிக்கொண்ட கதை. நம்பியார் சாதித் திமிரையும் அதிகாரிகளின் பேராசையையும் பிற்பாடு பாடியதெல்லாம் அந்தப் புதிய மேடையில்தான்.

நம் உரையாசிரியர்கள் வேறொரு வழி கண்டார்கள். ஒரு சூத்திரத்துக்குத் தமக்கு முன் இருந்தவர் சொன்ன பொருள் பிடிக்காவிட்டால் அவர் பெயரைச் சொல்லித் தாக்குவது அரிது. 'என்பாரும் உளர்' என்று எழுதி, அவர் கருத்தை ஒழுங்காக எடுத்துரைத்து, அது பொருந்தாது என்பதற்குக் காரணம் காட்டுவார்கள். அதற்குப் பெயர் தடைவிடை. தடை எழுப்புவதும் அவரே, விடை சொல்வதும் அவரே என்றாலும், எதிராளியின் வாதம் முழுசாக நூலில் இருக்கும். இன்று நமக்குக் கிடைக்காத பல பழைய உரைகளின் கருத்துகள் இந்த மறுப்புகளின் வழியாகத்தான் உயிரோடு இருக்கின்றன.

இந்த அடக்கம் எல்லாரிடமும் இல்லை, அதுவும் நல்லதுதான். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், 1785இல் மறைந்தவர், திருவாரூர் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தைப் பிடித்து எழுதிய மறுப்புக்கு 'இலக்கண விளக்கச் சூறாவளி' என்று பெயர் வைத்தார். 'குட்டித் தொல்காப்பியம்' என்று புகழப்பட்ட நூல் அந்த இலக்கண விளக்கம். 'எடுத்து' என்ற ஒரே ஒரு சொல்லைக் காப்பதற்கு அவர் எழுதிய இன்னொரு சிறு நூலின் பெயர் 'வைரக்குப்பாயம்'. குப்பாயம் என்றால் சட்டை, கவசம். தமிழர்கள் அதை மறந்து நாளாயிற்று. இங்கே மலையாளக் குழந்தைகளுக்குத் தெரிந்த சொல். சூறாவளியோ வைரக்குப்பாயமோ, பெயரில்தான் ஆர்ப்பாட்டம். உள்ளே சூத்திரம் சூத்திரமாகக் காரணம் அடுக்கியிருக்கும். காரணம் அடுக்கினால் பதில் எழுதலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்ததும் நிலைமை மாறியது. கண்டனம் என்பது ஓர் இலக்கிய வகையே ஆனது. கண்டித்தல் என்றால் வெட்டுதல். கண்டம் துண்டம் என்கிறோமே, அதுதான். வள்ளலார் இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் வெளிவந்ததை எதிர்த்து ஆறுமுக நாவலரின் 'போலியருட்பா மறுப்பு' 1869இல் வந்தது. அதே ஆண்டு சண்டை மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கும் போனது. இரு பக்கமும் துண்டுப் பிரசுரங்கள் குவிந்தன. இரு தலைவர்களும் மறைந்த பின்னும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் மறுபக்கமுமாக அது தொடர்ந்தது. அந்தப் பிரசுரங்களை இன்று படித்தால் நாக்கு கூசும். சில இடங்களில் பாட்டை விட்டுப் பிறப்பைப் பேசுகிறார்கள். ஆனால் கண்டனங்கள் பதிலில்லாமல் கிடக்கவில்லை. வசைக்குள்ளேயும் அருட்பா என்ற பெயர் எதற்குரியது என்ற கேள்வி நின்றது. அதற்கு இரு பக்கமும் நூல்களிலிருந்து சான்று காட்டினார்கள். வள்ளலாரை ஓர் இஸ்லாமியப் புலவர் காத்து நின்றார் என்பதை இன்றைய சண்டைக்காரர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

விமர்சனம் என்ற சொல் நம் வாயில் நிலைத்தது அதற்குப் பிறகு. வடமொழி வேரில் அதற்குத் தொட்டுப் பார்த்தல், ஆராய்தல், எண்ணிப் பார்த்தல் என்ற பொருள்தான். காஷ்மீர சைவத்தில் விமர்சம் என்பது அறிவு தன்னைத் தானே உணர்வது. இந்த உயர்ந்த சொல்லைத் தமிழில் சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகை நன்றாகவே பயன்படுத்தியது. க. நா. சுப்ரமண்யமும் அவரும் ஒருவர் கருத்தை ஒருவர் மறுத்துக்கொண்டே தமிழில் விமர்சனம் வளர்த்தார்கள். பல்கலைக்கழகத்தார் திறனாய்வு என்றார்கள். திறனை ஆய்வது நல்ல சொல்தான். ஆனால் திறனாய்வு வகுப்பறையைத் தாண்டவில்லை, விமர்சனம் டீக்கடை வரை போய்விட்டது.

மலையாளத்தில் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். இலக்கியத்துக்கு நிரூபணம். அரசியலுக்கும் ஆளுக்கும் விமர்சனம். இந்தக் கோடு எப்போதும் நேராக இருப்பதில்லை, இருந்தாலும் கோடு உண்டு. ஜோசப் முண்டசேரி என்ற நிரூபகர் 1957 அமைச்சரவையில் கல்வி அமைச்சரானார். எம். கிருஷ்ணன் நாயர் 1969 முதல் 2006இல் இறக்கும்வரை 'சாகித்ய வாரபலம்' என்ற பத்தியை வாராவாரம் எழுதினார். பெரிய எழுத்தாளர்களைக்கூட ஒரே வரியில் தூக்கிப் போடுவார். அதற்காக அவரை வைதவர்களும் அந்த வாரப் பத்திரிகை வந்ததா என்று கடையில் கேட்டவர்களும் ஒரே ஆட்கள்தான் என்பார்கள். நிரூபணம் என்றால் நமக்கு மெய்ப்பித்தல். எல்லைப் பள்ளியில் படித்த ஒரு மாணவி தமிழ் விடைத்தாளில், 'சிறுகதை நிரூபணம்' என்று தலைப்பிட்டு எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடிக்கக் கை போயிற்று. ஆனால் தொல்காப்பியம் வழாநிலை, வழு என்று இரண்டோடு நிற்காமல் வழுவமைதி என்று மூன்றாவதை நினைக்க வைக்கிறதே. விதிப்படி தவறு, ஆனால் காரணம் இருப்பதால் அமைத்துக்கொள்ளலாம். தவற்றுக்கே பதில் சொல்ல ஓர் இடம் ஒதுக்கிய இலக்கண மரபு நம்முடையது. அவள் வாதம் நன்றாக இருந்தது. முழு மதிப்பெண் போட்டேன்.

இப்போது விமர்சனத்துக்குத் தமிழில் என்ன ஆகியிருக்கிறது? 'கடும் விமர்சனத்துக்கு உள்ளானார்' என்று பத்திரிகை எழுதினால், யாரோ திட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். 'அவர்மேல் எனக்குச் சில விமர்சனங்கள் உண்டு' என்றால் மனத்தாங்கல். கட்சிக் கூட்டத்தில் சுயவிமர்சனம் என்றால் தண்டனைக்கு முந்தைய படி. சினிமா விமர்சனம் என்றால் மதிப்பெண். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்பதால், சொன்னவர் பதிலை எதிர்பார்க்கிறாரா இல்லையா என்பது கேட்டவருக்குத் தெரிவதில்லை. தெரியாதபோது தாக்குதல் என்றே எடுத்துக்கொள்கிறார். இளைஞர்களின் பேச்சு இந்த மயக்கத்தைத் தீர்த்துவிட்டது: கழுவி ஊற்றினான், துவைத்துக் காயப்போட்டான், வறுத்தான், தாளித்தான், காய்ச்சி எடுத்தான். எல்லாம் சமையலறையும் துணி துவைக்கும் கல்லும். மூலப்பொருள் வாய் திறக்க வாய்ப்பில்லாத வேலைகள். இந்தச் சொற்களால் தமிழ் கெடுகிறது என்று சொல்ல மாட்டேன். ரசமான சொற்கள், நானும் சொல்கிறேன். அவை எந்தச் சாதிச் சொற்கள் என்பதைத்தான் காட்டுகிறேன்.

சொல்லில் இடம் இருந்தும் ஆளுக்கு இடமில்லாமல் போவது உண்டு. இடுக்கிக்குப் போகிறேன். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், பல தலைமுறையாக. புகார், பராதி, கோரிக்கை என்று பதில் வேண்டும் சொற்கள் அத்தனையும் அவர்களிடம் இருந்தன. தொழிற்சங்கங்கள் வழியாக அவற்றைச் சொல்லியும் வந்தார்கள். 2015 செப்டம்பரில் போனஸைக் குறைத்தபோது அவர்கள் நிர்வாகத்தை மட்டுமல்ல, தங்கள் பெயரால் பேசிவந்த சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். தலைவர்கள் சமாதானம் பேச வந்தபோது அவர்களை அண்ட விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் அங்கே பிறந்தது. பெம்பிளை நம் பொம்பிளைதான். ஒருமைக்கு இரு மொழியிலும் ஒற்றுமை என்ற பொருள் உண்டு. இலக்கணம் படித்தவர்களுக்கு மட்டும் ஒருமை பன்மை நினைவு வரும்.

2017 ஏப்ரலில் அந்த மாவட்டத்தைச் சேர்ந்த அமைச்சர் ஒருவர் பொதுக்கூட்டத்தில் இந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசியது பெண்களை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு எழுந்தது. தன் பேச்சு திரித்துக் காட்டப்பட்டது என்று அவர் சொன்னார். ஆளுங்கட்சித் தரப்பில் அது அவருடைய நாட்டுப்புறப் பேச்சு நடை என்று விளக்கம் வந்தது. சொல்லுக்கு ஒரு பொருள், நடைக்கு வேறொரு பொருள் என்பது அந்த விளக்கத்தின் சாரம். தொல்காப்பியர் காலத்திலிருந்து நாம் வழுவமைதிக்குக் காரணம் கேட்டு வந்திருக்கிறோம். நடை என்பது காரணமாகுமா, யார் சொன்னால் ஆகும், யார் சொன்னால் ஆகாது? அந்தப் பெண்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை. அமைச்சர் மூணாறுக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சாலையோரத்தில் உட்கார்ந்தார்கள்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் பிரிவினையில் எனக்கே ஒரு தடை தெரிகிறது. கொடுங்கல்லூரில் மீன மாதப் பரணிக்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள் பகவதியின் சன்னிதியிலேயே தெறிப்பாட்டுப் பாடுகிறார்கள், காது பொத்திக்கொள்ளும்படியான வசை. அதை எந்தச் சாதியில் சேர்ப்பது? பதில் எதிர்பார்க்காத வசை என்றால் பக்தி எங்கே வந்தது? பதிலை எதிர்பார்க்கிறது என்றால் அவள் என்ன பதில் சொல்கிறாள்? பரணிக்குப் போய் வந்தவர்கள் இந்த அவையில் இருப்பார்கள். எனக்கு விடை தெரியவில்லை. அவர்கள் எழுந்து சொல்லட்டும்.